தங்கத் தொட்டிலும் தங்கையின் பங்கும்

சொல்லழகைச் சொல்லலாம், பொருளாழத்தைச் சொல்லலாம், ஓசை நயத்தைச் சொல்லலாம். ஆனால், "இந்தப் பாட்டைக் கேட்டால் என் தாயின் முகம் கண்ணெதிரே வருகிறது" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாதாம்! சொன்னால், "அது உம் வீட்டுச் செய்தி, ஏட்டுக்கு உதவாது" என்று திறனாய்வாளர் புருவத்தை நெரிக்கிறார். நினைவு வேறு, இலக்கியம் வேறு; பாட்டை எடைபோடும் தராசிலே பாடியவரையும் கேட்டவரையும் சேர்த்து ஏற்றலாகாது என்பது அவர் கட்சி.

கேட்பதற்கு நேர்மையான கட்சி போலத்தான் தோன்றுகிறது. என் தாயின் முகம் உங்களுக்குத் தெரியாது. உங்கள் தாயின் முகம் எனக்குத் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருப்பது பாட்டின் சொல் ஒன்றுதானே! எனினும், தோழர்களே, இந்தக் கட்சியை அப்படியே ஏற்றுக்கொண்டால் விளைவு என்ன என்று எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டு மக்கள் தம் வாழ்நாளிலே பாடியும் கேட்டும் வந்த பாட்டிலே பெரும்பகுதி, தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் நலுங்குப் பாட்டும், இலக்கிய மன்றத்தின் வாயிற்படியிலேயே நின்றுவிடும். உறவே அவற்றின் உயிர். யார் பாடினார், யாருக்காகப் பாடினார் என்பதை நீக்கிவிட்டு அந்தப் பாட்டுகளை ஆராய்வது, நெல்லை ஒதுக்கிவிட்டு உமியை அளப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே, அந்தக் கட்சியை மறுத்தாக வேண்டும். மறுப்பதோடு நின்றுவிடவும் முடியாது. பாட்டோடு பின்னிக்கிடக்கும் பாசம் நம் கண்ணைத் திறப்பது போலவே, கண்ணைக் கட்டவும் வல்லது. இரண்டையும் காண்போம்.

முதலில் அயல்நாட்டுச் சான்று ஒன்று. சுவிட்சர்லாந்து மலைநாடு. அந்த மலைநாட்டு இளைஞர்கள் பிறநாட்டு மன்னர்களின் படைகளிலே கூலிப் படையினராகச் சேர்ந்து, தொலைதூரச் சமவெளிகளிலே போரிட்டு வந்த காலம் ஒன்று இருந்தது. அவர்கள் ஊரிலே, மாடு மேய்ப்போர் மாடுகளை அழைக்கும்போது இசைக்கும் பாட்டு ஒன்று உண்டு. அந்தப் பாட்டைப் படையிலே இசைக்கக் கூடாது, மீறினால் மரண தண்டனை என்று தடை விதித்திருந்ததாக, 1768இல் வெளிவந்த தமது இசை அகராதியிலே ரூசோ எழுதுகிறார். மாடு மேய்ப்பவன் பாட்டுக்கு மரண தண்டனையா? ஆம்! அதைக் கேட்ட வீரர்கள் கண்ணீர் வடித்தனர். படையை விட்டு ஓடினர். ஏங்கி ஏங்கி உயிரையும் விட்டனராம். இந்த ஏக்கத்தை ஒரு நோயென்றே கருதி, 1688ஆம் ஆண்டிலேயே, பாசல் நகரில் மருத்துவம் பயின்ற யோகான்னசு ஓபர் என்பார் அதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயரும் சூட்டியிருந்தார்.

ரூசோ அந்தப் பாட்டின் மெட்டை ஆராய்ந்தார். வீரனை விழவைக்கும் ஆற்றல் எதுவும் அந்த மெட்டிலே தென்படவில்லை. அயலார் கேட்டால் அவர்களுக்கு ஒன்றும் நேர்வதில்லை. அந்த இடத்தில் இசை இசையாக நின்று வேலை செய்யவில்லை, நினைவின் அடையாளமாக நின்று வேலை செய்கிறது என்பதே அவர் கண்ட முடிவு. சமத்துவம் பேசிய அறிஞர், பாட்டின் ஆற்றலையும் பண்டிதரின் அகராதிக்குள்ளே தேடாமல் பாமரனின் நெஞ்சுக்குள்ளே தேடினார்!

கள்ளக்குறிச்சியிலே இருந்துகொண்டு இதைப் படிப்போருக்குச் சுவிட்சர்லாந்து தொலைவில் இல்லை. மேற்கே தலையை உயர்த்திப் பார்த்தால் கல்வராயன் மலை. அங்கே வாழ்வோரில் மிகப் பலர் மலையாளிகள். கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம்; மலையிலே வாழ்வதால் அப்பெயர் பெற்ற, தமிழே பேசும் பழங்குடி மக்கள் அவர்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்த உடன்பிறப்புகள் என்று சொல்லும் கதை மலையாளிகளிடையே வழங்குகிறது. 1909இல் வெளியான தர்ஸ்டனின் தொகுதிகளிலும் அது பதிவாகியிருக்கிறது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பதாண்டு கழிந்த பின்னும், ஜாகீர்தார்களின் பிடியிலே கிடந்த மலை அது. 1976ஆம் ஆண்டில்தான் ஜாகீர் முறை அங்கே முடிவுக்கு வந்தது. பிடி போயிற்று, பிழைப்பு வந்ததா? வேலை தேடி அந்த மலையின் ஆண்களும் பெண்களும் கேரளத்துத் தோட்டங்களுக்கும் கருநாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் இறங்கிச் செல்கிறார்கள். அவர்களுடன் செல்லும் உடைமை கொஞ்சம். பாட்டோ, சுமையின்றி உடன் செல்கிறது. தோட்டத்துக் கொட்டகையிலே ஒருத்தி வாய்க்குள் முணுமுணுக்கும் ஊர்ப்பாட்டை, அந்தச் சுவிட்சர்லாந்து வீரன் கேட்டிருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பான்.

ரூசோவுக்கு இது வியப்பாக இருந்தது. நமக்கு வியப்பாக இருக்க வேண்டியதில்லை. நம் தொல்காப்பியம், நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும்போது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் வரிசையிலே வைத்து எண்ணுகிறது. இசை எங்கோ வானத்திலே தனித்து மிதக்கும் பொருளன்று. உண்ணும் உணவைப்போல, செய்யும் தொழிலைப்போல, அந்த மண்ணிலே அந்த மக்களோடு பிறப்பது என்பது அந்த வைப்புமுறையின் பொருள்.

கொள்கை இது. இதற்குச் செய்யுட் சான்றும் வேண்டுமென்றால், கள்ளக்குறிச்சி மாவட்டத்து மண்ணோடு தொடர்புடைய சான்றே இருக்கிறது. புறநானூற்றின் 112ஆம் பாட்டு, பாரி மகளிர் பாடியது. மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பறம்பு மலை வீழ்ந்தது, தந்தை மாண்டான். திங்கள் ஒன்று சென்றது. மீண்டும் முழுநிலவு எழுந்தது. அதைக் கண்ட இரு பெண்கள் பாடிய ஐந்தே அடி அந்தப் பாட்டு. அதில் உவமை இல்லை, அணி இல்லை, அரிய சொல் இல்லை. சென்ற திங்களின் நிலவையும் இந்தத் திங்களின் நிலவையும் அருகருகே வைக்கிறார்கள். அன்று என்னென்ன இருந்தன, இன்று என்னென்ன இல்லை என்கிறார்கள். அவ்வளவுதான்! நிலவு மாறவில்லை, அதனோடு பிணைந்திருந்த உறவு அறுந்துவிட்டது. திறனாய்வாளர் தம் தராசை இங்கே கொண்டுவரட்டும். தந்தையையும் மலையையும் நீக்கிவிட்டு எடைபோடுங்கள் என்றால், தட்டிலே மிஞ்சுவது வானத்து நிலவு மட்டுமே. ஆனாலும், ஈராயிரம் ஆண்டை நெருங்கும் இந்தப் பாட்டு, பாரியைப் பார்த்திராத நம் நெஞ்சையும் உருக்குகிறது. ஏன்? ஒவ்வொருவருக்கும் ஒரு 'சென்ற திங்கள்' இருக்கிறது!

அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு, மணமுடித்து வைக்க இடம் தேடி அலைந்தவர் பாரியின் நண்பர் கபிலர். மன்னர் சிலர் மறுத்ததைப் புறநானூறே காட்டுகிறது. அவர் வாழ்வு முடிந்த இடமென்று மக்கள் காட்டுவது, திருக்கோவலூரில் தென்பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் பாறையை. பாரி மகளை மலையனுக்கு அளித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த கல் என்று முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு அதைக் குறிக்கிறது. நட்பு ஒன்று பாட்டாயிற்று; பாட்டு ஒரு பாறைக்குப் பெயராயிற்று. நினைவு வேறு, இலக்கியம் வேறு என்பார் ஒருமுறை அந்தப் பாறையைப் பார்த்துவிட்டு வரட்டும்.

பழம்பாட்டு போகட்டும், இன்றைய பிள்ளைகளிடம் வருவோம். நான் பணிபுரியும் பள்ளியிலே, எட்டாம் வகுப்பு மாணவர்களிடம், "உங்கள் வீட்டிலே கேட்ட பாட்டு ஒன்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள், அதன் கீழே அது யாருடைய பாட்டு என்று குறியுங்கள்" என்று சொன்னேன். மறுநாள் வந்த குறிப்பேடுகளிலே பாதிக்கு மேல் திரைப்பாடல். எழுதியவர் கண்ணதாசன், இசையமைத்தவர் விசுவநாதன் என்று குறித்தவர்கள் மூவரோ நால்வரோதான். மற்றவர்கள் எழுதியது என்ன தெரியுமா? "அம்மா பாட்டு", "தாத்தா பாட்டு", "சித்தி பாட்டு"! வெளியூரிலே தோட்ட வேலைக்குச் சென்றிருக்கும் தந்தையுடைய மாணவன் ஒருவன், "அப்பா ஊருக்கு வந்தால் மட்டும் பாடும் பாட்டு" என்று எழுதியிருந்தான். பிழை என்று சிவப்பு மை தீட்டுவதா? பதிப்புரிமைச் சட்டம் ஒரு விடை சொல்லும். அந்தப் பிள்ளைகள் சொன்னது இன்னொரு விடை. இரண்டும் உண்மை.

அறிவியலும் அவர்கள் பக்கம் நிற்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர் பீட்டர் ஜனாட்டா, 2009இல் வெளியிட்ட ஆய்விலே, பழகிய பாட்டைக் கேட்டுத் தம் வாழ்வின் நிகழ்ச்சியை ஒருவர் நினைவுகூரும் வேளையில், மூளையின் முன்புறத்து நடுப்பகுதி தொழிற்படுவதைக் காட்டினார். மெட்டைத் தொடர்வதும் நினைவை மீட்பதும் அங்கே கைகோத்துச் செல்கின்றன. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகளே முதுமையிலும் மேலோங்கி நிற்கின்றன என்பதையும் உளவியலார் எடுத்துக்காட்டியிருக்கின்றனர். "எங்கள் காலத்துப் பாட்டைப் போல வருமா?" என்று ஒவ்வொரு தலைமுறையும் பெருமூச்சு விடுவதன் காரணம் இதுதான். பாட்டு கெட்டுவிடவில்லை, பெரியவரே. தங்கள் இளமை சென்றுவிட்டது!

இதிலிருந்து இரு கடமைகள் பிறக்கின்றன. பிறர் பாட்டை இகழாதிருப்பது ஒன்று. தன் பாட்டைச் சட்டமாக்காதிருப்பது மற்றொன்று.

'பறையும் ஒரு இசையா, ஒப்பாரியும் ஒரு பாட்டா?' என்று மூக்கைச் சுளித்தவர்கள் நெடுங்காலம் இந்த நாட்டிலே மேடையும் மாலையும் பெற்று வாழ்ந்தார்கள். அவர்கள் சொன்னதன் உட்பொருள் என்ன? "அந்த ஒலியோடு பிணைந்த நினைவு எதுவும் எனக்கு இல்லை, அந்தத் தெருவிலே எனக்கு உறவில்லை" என்பதே. உறவின்மையை இசையின்மை என்று எழுதிவைத்தார்கள்! தமிழிசைக் கிளர்ச்சியின் போது நடந்ததும் இத்தகையதே. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழிசை மாநாடு கூடியபோதும், 1943இல் சென்னையிலே தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோதும், "இசைக்கு மொழி ஏது?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இளமை முதல் தெலுங்குக் கீர்த்தனைகளைக் கேட்டு வளர்ந்தவருக்கு அவை இனித்ததிலே குற்றமில்லை. அந்தப் பாசம் மெய்யானதே. ஆனால், தம் வீட்டுத் திண்ணையின் நினைவைத் தமிழ்நாட்டு மேடை முழுவதற்கும் சட்டமாக்க முனைந்தபோதுதான் குற்றம் புகுந்தது. பொருள் புரிந்து பாட்டோடு உறவுகொள்ளும் உரிமையைத்தான் மக்கள் அன்று கேட்டார்கள்.

இதுவரை சொன்னது எளிது. பிறரைப் பார்த்துச் சொல்வதுதானே! இனி, நம் வீட்டுக்குள்ளே செல்வோம். தாலாட்டை எடுத்துக்கொள்வோம்.

தாலாட்டு குழந்தைக்குப் பாடுவது என்கிறோம். குழந்தைக்கு அதன் பொருள் புரியாது. ஓசை போதும், உறங்கிவிடும். அப்படியானால், அந்தச் சொற்களெல்லாம் யாருக்காக? ஊர்தோறும் தாலாட்டைக் கேட்டுப் பாருங்கள். தொகுதிகளைப் புரட்டிப் பாருங்கள். மெக்வீன் திரட்டியவற்றைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்கத் தஞ்சை சரசுவதி மகால் 1958இல் வெளியிட்ட 'மலையருவி' உண்டு, நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964இல் வந்தது. எங்கும் திரும்பத் திரும்ப வருபவர் ஒருவர்: தாய்மாமன். அவர் தொட்டில் கொண்டுவருவார், சங்கு கொண்டுவருவார், பொன்னும் பட்டும் கொண்டுவருவார். குழந்தை அழுதால் மாமன் அடித்தாரோ என்றொரு கேள்வி, இல்லை, அணைப்பவரே அவர்தாம் என்றொரு விடை. குழந்தையின் தந்தைக்குக் கிடைக்காத சிறப்பு, தாயின் உடன்பிறந்தானுக்குக் கிடைக்கிறது. என்ன காரணம்?

பாடுகிறவள் யார் என்று கேளுங்கள், காரணம் விளங்கும். பதினாறிலோ பதினெட்டிலோ பிறந்த ஊரைவிட்டுப் புறப்பட்டு, கணவன் ஊருக்கு வந்துசேர்ந்தவள். பகலெல்லாம் வேலை, வாய் திறந்தால் மாமியார் காது. குழந்தையை உறங்கவைக்கும் அந்த அரை நாழிகைதான் அவள் தன் விருப்பப்படி வாய்திறக்கக் கிடைத்த நேரம். அப்போது அவள் பிறந்த வீட்டைப் பாடுகிறாள். தொட்டிலிலே கிடப்பது குழந்தை. ஆட்டுகிறவளோ, தன் நினைவையே ஆட்டிக்கொண்டிருக்கிறாள்! சுவிட்சர்லாந்து வீரனுக்கு இருந்த ஏக்க நோய் இவளுக்கும் இருந்தது. அவனுக்காவது அதன் பெயரால் மருத்துவ நூல் எழுதினார்கள். இவளுக்கு?

இத்தோடு நின்றால் உருக்கமான செய்தி. ஒருபடி மேலே செல்வோம். மாமன் ஏன் பொன் தொட்டில் தரவேண்டும்? சீர் என்றும் முறை என்றும் மொய் என்றும் பிறந்த வீட்டார் வாழ்நாள் முழுவதும் ஏன் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்? தந்தையின் நிலத்திலே மகளுக்குப் பங்கு கிடையாது, மகன் எடுத்துக்கொண்டான். அந்தப் பங்கின் இடத்தை நிரப்புவதற்காக ஏற்பட்டதே சீர்வரிசை என்று சமூகவியலார் விளக்கியிருக்கின்றனர். அந்தக் கண்ணால் தாலாட்டைப் படித்துப் பாருங்கள். நிலம் அண்ணன் பெயரிலே. தங்கத் தொட்டில் தங்கையின் பாட்டிலே! தரவேண்டியதைத் தரவில்லை, தந்ததாகப் பாடுகிறாள். அது அன்பின் வெளிப்பாடு என்பது உண்மை; நினைவூட்டும் கடிதம் என்பதும் உண்மை. நாட்டுப்புறத்துத் தாயின் தாலாட்டு, எழுதப் படிக்கத் தெரியாதவள் வாய்மொழியாக வைத்திருந்த கணக்கு.

ஒப்பாரியிலும் இந்தக் கணக்கு வருகிறது. கணவனை இழந்தவள் அழும்போது, அவனை மட்டுமா அழுகிறாள்? இனி இந்த வீட்டிலே தனக்கு இடமுண்டா என்று அழுகிறாள். பூவும் பொட்டும் பறிபோவதை அழுகிறாள். தாய்வீட்டு வாசல் தனக்குத் திறக்குமா என்று அழுகிறாள். அந்தப் பாட்டு உறவோடு எவ்வளவு இறுகப் பிணைந்தது என்பதற்கு ஒரு சான்று போதும்: சாவில்லாத வீட்டிலே அதைப் பாடச் சொன்னால் பெண்கள் மறுத்துவிடுவார்கள். என் வகுப்பு மாணவி ஒருத்தி, பாட்டியிடம் ஒப்பாரி கேட்டபோது, "வீட்டுக்குள்ளே வேண்டாம், வா" என்று களத்து மேட்டுக்கு அழைத்துச் சென்று சொன்னாராம். 2024ஆம் ஆண்டு சூன் திங்களில், கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்திலும் சுற்றிலும் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. அந்தத் தெருக்களின் அழுகையைத் தொலைக்காட்சி நாடெங்கும் காட்டியது. பார்த்தவர்களுக்கு அது செய்தி. மறுநாள் வேறு செய்தி வந்தது. அழுதவளுக்கோ, அது இனி ஆண்டுதோறும் வரும் பாட்டு. அழுகுரலிலே நயம் தேட வேண்டாம். அதிலே வழக்கு ஒன்று இருக்கிறது, அதைக் கேட்பதுதான் திறனாய்வாளன் அந்தக் குரலுக்குச் செய்யும் மரியாதை.

பாட்டு சொன்ன கணக்கை நாடு தீர்த்ததா? 1929ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் செங்கற்பட்டிலே கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கும் ஆண்களைப்போலவே சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் இயற்றிற்று. தமிழ்நாட்டிலே அது சட்டமானது 1989இல். இடையிலே அறுபது ஆண்டு! அந்த அறுபதாண்டிலே எத்தனை தொட்டில்கள் ஆடின, எத்தனை தாய்மார்கள் மாமன் தராத பொன்னைப் பாடினர்! அந்தச் சட்டமும், அது நடைமுறைக்கு வருமுன் மணமாகிவிட்ட மகளிருக்குப் பங்கு தரவில்லை. 2005இல் நடுவண் அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகே அந்த வேலியும் விழுந்தது.

மலையிலே? அங்கேதான் கணக்கு இன்னும் நிலுவையாக நின்றது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, நடுவண் அரசு தனியே அறிவித்தாலன்றி, பட்டியல் பழங்குடியினருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று கூறிற்று. பழங்குடியினரின் வழக்காற்றைக் காப்பது நோக்கமாம்! வழக்காறு காக்கப்பட்டது, வழக்காற்றுக்குள்ளே மகள் காக்கப்பட்டாளா? ஆகவே, 1989ஆம் ஆண்டுச் சட்டமும் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் கள்ளக்குறிச்சிச் சமவெளி வரையிலே வந்து, கல்வராயன் மலையடிவாரத்திலே நின்றுவிட்டன. பழங்குடிப் பெண்களுக்கும் இந்த உரிமை கிடைக்க வழிசெய்வதைப் பற்றி நடுவண் அரசு எண்ணிப் பார்க்க வேண்டுமென்று 2022 திசம்பரிலே உச்சநீதிமன்றம் கேட்டுக்கொண்டது. மலைமேலே பாடப்படும் தாலாட்டைக் கேட்டு, "ஆகா, கள்ளங்கபடமற்ற மலைமக்களின் இனிய இசை!" என்று உருகும் நகரத்து அன்பர்களே, அந்தப் பாட்டின் பொருளையும் சற்றுக் கேளுங்கள்.

"தாயின் தாலாட்டையும் கூறுபோட்டுச் சட்டப் புத்தகமாக்கிவிட்டீரே! பாசத்துக்கும் பகுத்தறிவுச் சாணையா?" என்று ஒருவர் கேட்கக்கூடும். கேட்கட்டும். பாசம் பாட்டின்மீது ஓர் ஒளியை வீசுகிறது. அந்த ஒளியிலே குரலின் இனிமை மட்டும் தெரிந்து, குரலுக்குரியவளின் துன்பம் தெரியாமற்போனால், அந்தப் பாசத்தால் அவளுக்கு என்ன பயன்? தாய் பாடினாள் என்பதற்காகப் பாட்டைப் போற்றுகிறோம், நன்று. தாய் பாடினாள் என்பதற்காகவே, "ஆண் பிறந்தால் அரசாள்வான்" என்கிற பாங்கில் வரும் கருத்தையும், பெண் பிறந்தால் பெருமூச்சு விடும் கருத்தையும் போற்றுவோமானால், தாயைச் சிறுமைப்படுத்திய உலகத்தைத் தாயின் குரலாலேயே நியாயப்படுத்துகிறோம். குரலுக்குத் தலைவணங்குவோம், கருத்தைக் கேள்வி கேட்போம். பிரித்தறியும் இந்தப் பயிற்சியைத் தருவதே திறனாய்வின் பணி.

புரட்சிக் கவிஞர் பாரதிதாசன் இதை உணர்ந்தவர். ஆண் குழந்தைக்குத் தாலாட்டு எழுதியவர், பெண் குழந்தைக்கென்றும் தனித் தாலாட்டு எழுதினார். அதிலே சீர்வரிசைக் கனவு இல்லை. மூடத்தனத்தின் முடைநாற்றத்தைப் போக்கவந்த கற்பூரப் பெட்டகமாகப் பெண் குழந்தை வரவேற்கப்படுகிறாள். இலக்கிய வரலாற்றிலே அது பெரிய திருப்பம். ஆயினும், இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். ஏட்டிலே எழுதியதனால் மட்டும் தாலாட்டு தாலாட்டாகிவிடாது. தாய் ஒருத்தி அதைப் பாட வேண்டும். அதைக் கேட்டு ஒரு குழந்தை உறங்க வேண்டும். அந்தக் குழந்தை வளர்ந்து, "இது அம்மா பாட்டு" என்று குறிப்பேட்டிலே எழுத வேண்டும். கவிஞர் சொல்லைத் தந்தார். உறவைத் தரவேண்டியவர்கள் நாம். சீர்திருத்தப் பாட்டைக் கூட்டத்தின் தொடக்கத்திலே பாடிவிட்டு, வீட்டிலே பழைய பாட்டையே ஆட்டிக்கொண்டிருந்தால், அடுத்த தலைமுறையின் நினைவிலே நிற்பது எது? வீட்டுப் பாட்டுதான்.

புதிய பாட்டிலே உறவு பிறக்குமா என்று ஐயுறுவோர், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துக் கூவாகத்தை எண்ணிப் பார்க்கலாம். சித்திரைத் திங்கள் முழுநிலவை ஒட்டித் திருநங்கையர் அங்கே கூடுகின்றனர். கூத்தாண்டவருக்கு, அதாவது பாரதக் கதையின் அரவானுக்கு, மனைவியராகித் தாலி ஏற்று, மறுநாள் அவன் களப்பலியாகிவிட்டதாகத் தாலியறுத்து, வளை உடைத்து, ஒப்பாரி வைத்து அழுகின்றனர். அந்தக் கதையிலோ சடங்கிலோ நமக்கு நம்பிக்கை இல்லை. ஆனால், அந்த அழுகையை எள்ளி நகையாட நமக்கு உரிமையும் இல்லை. பெற்ற வீடு வெளியே தள்ளியது. ஊர் ஏளனம் செய்தது. அழுவதற்குக்கூட ஓர் உறவு இல்லாதிருந்தவர்கள் பலர். அவர்கள் பாட்டின் வழியே ஓர் உறவை ஏற்படுத்திக்கொண்டு, அந்த உறவின் பெயரால் தம் துயரமெல்லாவற்றையும் அழுது தீர்க்கிறார்கள். அரவான் கதை, கண்ணீர் கதையன்று. 2008இல் தமிழ்நாடு அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. பெற்றோர் வீட்டுக் கதவும் திறந்தால், அந்த ஒப்பாரியின் பொருளும் மாறும்.

ஆகவே, பாட்டைத் தொகுக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வானமாமலையின் தொகுதியிலே பாட்டின் அடியில் வட்டாரச் சொல்லுக்குப் பொருளும், சேகரித்தவர் பெயரும், இடமும் தரப்பட்டிருப்பது போற்றத்தக்க முறை. அதனோடு இன்னும் இரண்டு வரி சேர்ப்போம்: யாரிடம் கேட்டுக் கற்றார்? யாரை எண்ணிப் பாடுகிறார்? இன்று கைப்பேசியிலே ஒரு நொடியில் குரலைப் பதிவுசெய்துவிடலாம். குரல் கிடைத்துவிடும், குரலின் கதையைக் கேட்டு எழுதாவிட்டால், ஐம்பது ஆண்டுக்குப் பின் அது சுவிட்சர்லாந்து மெட்டைக் கேட்ட அயலானுக்கு ஆனதுபோல, ஆற்றலற்ற வெற்றொலியாக நிற்கும்.

ஆண்மக்களாகிய தோழர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். உங்கள் உடன்பிறந்தாள் தன் பிள்ளைக்குப் பாடும் தாலாட்டிலே உங்கள் பெயர் வருகிறது. பொன் தொட்டில் தந்தவர் என்று, முத்துமாலை போட்டவர் என்று, ஊரே மெச்சும் மாமன் என்று அவள் பாடுகிறாள். கேட்கும்போது நெஞ்சு நெகிழும், கண்ணும் கலங்கும். நெகிழட்டும், கலங்கட்டும். அதன்பிறகு, பட்டாவை எடுத்துப் பாருங்கள். அதிலும் அவள் பெயர் இருக்கிறதா?